சிஸ்டர்கிட்ட கேளுங்க: வாட்டு வேலையும் மனசு நிறையிறதும்

மே 12 தாதியர் தினம், 1820ல நைட்டிங்கேல் அம்மா பிறந்த நாள். அதுக்காகத்தான் போன இதழ்ல தாதிமாரும் அவங்க வீட்டு ஆளுங்களும் எழுதுங்கன்னு கேட்டிருந்தோம். வந்த கடிதத்துல முக்காவாசி ஒரே விஷயத்த சுத்தி சுத்தி வருது: வேலைய விடவும் மனசில்ல, இப்படியே செய்யவும் முடியல. அதனால இந்த முறை சீனி வருத்தம், பிரஷர் கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சிட்டு இதை மட்டும் எடுத்துக்கிறேன். எழுதினவங்களோட சொந்த ஊர் மட்டும்தான் போட்டிருக்கேன், வேலை செய்யிற இடம் எதுவும் போடல, யாருக்கும் வில்லங்கம் வரக்கூடாது பாருங்க.

மஸ்கெலியா வாசகி: சிஸ்டர், நான் நாலு வருஷமா மெடிக்கல் வாட்ல இருக்கேன். எங்க வாட்ல தமிழ் தெரிஞ்ச நர்ஸ் நானும் இன்னொருத்தரும்தான். அட்மிஷன் வந்தா கூப்பிடுறாங்க, டொக்டர் ரவுண்ட் வந்தா கூப்பிடுறாங்க, பக்கத்து வாட்ல இருந்தும் ஆள் அனுப்புறாங்க, என் வேலை அப்படியே கெடக்கும். தோட்டத்துல பொறந்து வளந்து நம்ம சனத்துக்கு செய்யணும்னுதான் இந்த வேலைக்கே வந்தேன், இப்ப "தமிழ் மிஸ் எங்க"ன்னு கேட்டாலே எரிச்சல் வருது. எனக்கு ஈவிரக்கம் போயிருச்சா?

தங்கச்சி, ஈவிரக்கம் போனவங்க இப்படி கடிதம் எழுத மாட்டாங்க. உங்களுக்கு எது ரொம்ப பிடிச்சதோ அதுவேதான் இப்ப உங்கள நோகடிக்குது, ஏன்னா அதுக்கு அளவும் இல்ல நேரமும் இல்ல, செஞ்சதா யாரும் கணக்குல எடுக்கிறதும் இல்ல.

2001ல அமெரிக்காவுல ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன்னு ரெண்டு பேர் ஒரு கட்டுரை எழுதினாங்க. மேலிடம் எழுதிக் குடுத்த வேலை ஒன்னு இருந்தாலும் ஆளுங்க அதை அப்படியே செய்யிறதில்ல, தங்களுக்கு ஏத்த மாதிரி உள்ளுக்குள்ளேயே மாத்தி அமைச்சுக்கிறாங்க, அது மூணு விதமா நடக்குதுன்னு சொன்னாங்க. செய்யிற காரியத்த கூட்டுறது குறைக்கிறது ஒன்னு, யாரோட எப்படி பழகுறதுன்னு மாத்திக்கிறது ஒன்னு, இந்த வேலை எதுக்குன்னு மனசுல வச்சிருக்கிற எண்ணத்த மாத்திக்கிறது ஒன்னு. அவங்க பேசிப் பாத்தது பெரிய டொக்டர்மார்கிட்ட இல்ல, ஆஸ்பத்திரி கூட்டித் துடைக்கிற ஆளுங்ககிட்ட. ஒரே வேலை, ஒரே சம்பளம், ஆனா சில பேர் தரைய துடைச்சிட்டு போயிட்டாங்க, சில பேர் நோயாளிய பாக்க வந்த சனத்துக்கு வழி காட்டி, தனியா கெடக்கிற ஆள்கிட்ட ரெண்டு வார்த்தை பேசி, நானும் இந்த ஆள குணமாக்குறதுல ஒரு பங்குன்னு நெனச்சாங்க. நினைவில்லாம கெடக்கிற நோயாளியோட அறையில சுவத்துப் படங்கள இடம் மாத்தி மாத்தி மாட்டின ஒருத்தரும் அதுல இருந்தாரு, அப்படி செய்யணும்னு யாருமே அவருக்கு சொல்லல.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா அந்த ஆளுங்க அதை தாங்களா எடுத்துக்கிட்டாங்க. உங்களுக்கு நடக்கிறது அது இல்ல, உங்க மேல மத்தவங்க தூக்கி வச்சது. தானா எடுத்துக்கிட்ட வேலை எவ்வளவு இருந்தாலும் தாங்கும், தூக்கி வச்சது கொஞ்சமா இருந்தாலும் அழுத்தும்.

அதனால முதல்ல ஒரு வாரத்துக்கு, கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் எப்ப, எதுக்குன்னு ஒரு துண்டுல குறிச்சு வைங்க. ரெண்டு விதமா பிரிஞ்சு வரும் பாருங்க. ஒரு ஆத்தாவுக்கு ஏன் ஒப்பரேஷன் செய்யணும்னு பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்தது மனசுக்கு இதமா இருந்திருக்கும், மருந்து ட்ரொலி தள்ளிக்கிட்டு போகும்போது பாதியில விட்டுட்டு ஓடினதுதான் கசந்திருக்கும். அந்த ரெண்டாவத வெட்டித்தான் ஆகணும். தேயிலைய கவ்வாத்து வெட்டாம விட்டா மரமா வளந்து கொழுந்துக்கு கை எட்டாம போயிரும்ல, அது மாதிரிதான்.

வெட்டுறதுக்கு உங்க கையில நல்ல காரணமும் இருக்கு. 2010ல ஜொஹானா வெஸ்ட்புரூக்கோட குழு சிட்னியில ரெண்டு ஆஸ்பத்திரியில நர்ஸ்மார் மருந்து குடுக்கிறத பக்கத்துல நின்னு பாத்து எழுதினாங்க. நடுவுல ஒவ்வொரு தடவ இடைஞ்சல் வரும்போதும் மருந்துப் பிழை 12.7 வீதம் கூடுதுன்னு கண்டாங்க. இதை சிஸ்டர் இன் சார்ஜ்கிட்ட சொல்லுங்க, எனக்கு கஷ்டம்னு சொல்லாதீங்க, நோயாளிக்கு ஆபத்துன்னு சொல்லுங்க. மருந்து நேரத்துல கூப்பிடக்கூடாது, அவசர கேஸ்னா மட்டும் விதிவிலக்கு. மத்த நேரத்துல நான் மொழிபெயர்க்க போனா என் கட்டில்களோட பிரஷர் பல்ஸ இன்னொரு ஆள் பாக்கணும். இது ரெண்டும் ரோஸ்டர் பக்கத்துலயே எழுதி ஒட்டப்படணும், வாய்ப்பேச்சு ஒரு வாரம்தான் நிக்கும்.

அடுத்தது உங்களுக்கு சந்தோஷம் குடுக்கும்னு நான் நம்புறது, உங்க சிங்கள நங்கிமாருக்கும் அக்காமாருக்கும் நீங்க தமிழ் சொல்லிக் குடுங்க. முழு தமிழும் வேணாம், வாட்டுல உதவுற பத்துப் பதினஞ்சு வசனம் போதும். எங்க வலிக்குது, எப்ப இருந்து, மூச்சு எடுக்க கஷ்டமா, ஒன்னுக்கு போனீங்களா, இந்த மாத்திரைய சாப்பிட்ட பொறகு போடுங்க. 1987ல அரசியலமைப்போட 13வது திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழியாகிருச்சு, 2007ல இருந்து புதுசா சேர்ற அரச ஊழியர் மத்த மொழியிலயும் தேர்ச்சி எடுக்கணும்னு சுற்றறிக்கையும் இருக்கு, அதனால இது நீங்க அவங்ககிட்ட கேக்கிற தயவு இல்ல, அவங்களுக்கே பரீட்சைக்கு உதவுற விஷயம். சந்தோஷமாத்தான் படிப்பாங்க, தேத்தண்ணி குடிக்கிற நேரத்துல ரெண்டு வசனம் போதும்.

இன்னொன்னும் சொல்லணும். நீங்க செய்யிறத வெறும் மொழிபெயர்ப்புன்னு நெனைக்காதீங்க. நெஞ்சு கரிக்குதுன்னு ஒரு அம்மா சொல்றதுக்கும் நெஞ்ச அடைக்குதுன்னு சொல்றதுக்கும் வித்தியாசம் உங்களுக்கு உடனே புரியுது, ஒன்னுக்கு வயித்த பாக்கணும் இன்னொன்னுக்கு ஓடிப்போய் ஈசிஜி எடுக்கணும். மகன நடுவுல வச்சு பேசச் சொன்னா தீட்டு சம்பந்தமான வருத்தத்த ஒரு பொம்பளையும் வாய் திறந்து சொல்லாது, உங்ககிட்ட சொல்லும். அது தாதி வேலையேதான். அதனால கேட்டு அறிஞ்சத டொக்டர்கிட்ட வாயால சொல்றதோட விடாம உங்க குறிப்புல எழுதுங்க, கையெழுத்தும் போடுங்க.

பதுளை வாசகர் (ஊழியர், பேர் வேணாம்): எங்களுக்கு ஒரு நாள் வகுப்பு வச்சாங்க சிஸ்டர். வேலைய நேசிங்க, சின்ன சின்ன மாற்றம் செஞ்சு சந்தோஷத்த நீங்களே தேடிக்கோங்கன்னு சொன்னாங்க. நைட்டுக்கு ரெண்டு பேர் நிக்கிறோம், கட்டில் நெறஞ்சு கீழேயும் பாய் போட்டு படுத்திருக்காங்க. இதுல எங்க போய் சந்தோஷத்த தேடுறது?

உங்க கோபம் சரியானது தம்பி, அதுல ஒரு சொட்டும் குறைக்க வேணாம். ஆள் பத்தாக்குறைய மனப்பாங்கால நிரப்ப முடியாது. 2002ல லிண்டா எய்கன் குழு பென்சில்வேனியாவுல 168 ஆஸ்பத்திரியில 10,000க்கு மேல நர்ஸ்மார வச்சு பாத்தாங்க. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினாலே நோயாளி 30 நாளைக்குள்ள சாகுறதுக்கான வாய்ப்பு 7 வீதம் கூடுது, நர்ஸ் மனசு உடம்பு ரெண்டும் வத்திப் போறதுக்கான வாய்ப்பு 23 வீதம், வேலையில திருப்தி இல்லாம போறதுக்கான வாய்ப்பு 15 வீதம் கூடுது. ஒரு நோயாளி கூடினதுக்கே இப்படின்னா கீழ பாய் போட்ட வாட்ட பத்தி என்ன சொல்ல. இந்த கணக்க யூனியன்ல பேசுங்க, மேட்ரனுக்கு எழுத்துல குடுங்க, நைட்டுல எத்தன நோயாளிக்கு எத்தன பேர் நின்னோம்னு ஒவ்வொரு ஓவர் குடுக்கும்போதும் ரிப்போர்ட் புத்தகத்துல ஒரு வரி எழுதுங்க. எழுதி வச்சது பொறகு பேசும்.

அதே நேரம், அந்த வகுப்புல சொன்னது முழுசும் பொய்யும் இல்ல, அதுதான் எனக்கு வேதனை, நல்ல விஷயத்த தப்பான எடத்துல கொண்டு வந்து வச்சிட்டாங்க. நெதர்லாந்துல மரியா டிம்ஸும் ஆர்னோல்ட் பாக்கரும் 2012ல ஒரு அளவுகோல் செஞ்சாங்க. கத்துக்கிறதுக்கு வழி தேடுறது, மேலதிகாரிகிட்டயும் கூட்டாளிகிட்டயும் உதவியும் கருத்தும் கேக்கிறது, விருப்பமான சவால எடுக்கிறது, வீணா இடைஞ்சல் பண்ற வேலைய குறைக்கிறது, இந்த நாலையும் அளந்தாங்க. பொறகு வந்த நெறைய ஆய்வ சேத்து பாத்தப்போ முதல் மூணும் செய்யிறவங்களுக்கு வேலையில உற்சாகம் கூடவா இருக்கு, வெறும் குறைக்கிறத மட்டும் செய்யிறவங்களுக்கு அப்படி இல்ல. ஏன்னா ஒதுங்கி ஒதுங்கி போறது களைப்ப கொஞ்சம் மிச்சம் பிடிக்குமே தவிர மனச நெறைக்காது. உங்களுக்கு இந்த நிலைமையில நான் சொல்லக்கூடியது அந்த ரெண்டாவதுதான், கூட நிக்கிற ஆள். நைட் தொடங்கும்போதே யார் எந்த பக்கம், யாருக்கு நிலை மோசம், ரெண்டு மணிக்கு யார் முதல்ல உக்காருறதுன்னு பேசி வச்சிக்கோங்க. வேற எதையும் உங்க தலையில நீங்களா ஏத்திக்காதீங்க இப்போதைக்கு.

தலவாக்கலை வாசகி: நான் சீனி, பிரஷர் கிளினிக்ல இருக்கேன். காலையில இருந்து ஒரே வேலை, கொப்பி வாங்கு, நிறை பாரு, பிரஷர் அழுத்து, அடுத்த தேதி போடு. வாட்ல இருந்தப்ப இருந்த ஒரு விறுவிறுப்பு இல்ல. நான் ஒரு மெஷின் மாதிரி ஆயிட்டேன் சிஸ்டர்.

இந்த கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம். ஏன்னா மலையகத்துல ஒரு நர்ஸ் தன் வேலைய தானே உருவாக்கிக்க கிளினிக் மாதிரி வசதியான எடம் வேற இல்லன்னு நான் நெனைக்கிறேன். வாட்டுல ஆள் மூணு நாள்ல டிக்கெட் வெட்டி வீட்டுக்கு போயிரும். கிளினிக் ஆள் மாசா மாசம் உங்ககிட்டயே வருது, வருஷக்கணக்கா வருது. நீங்க சொல்லி ஒரு ஆள் கேட்டுச்சா இல்லையான்னு உங்க கண்ணாலயே பாக்கலாம்.

உங்க வரிசையில நிக்கிற அந்த அம்மாவ கொஞ்சம் யோசிங்க. விடிய எந்திரிச்சு ரொட்டி சுட்டு, புள்ளைய பாத்துக்கிற புள்ளக்காம்பராவுல விட்டு, காலையில வேலை பிரிச்சுக் குடுக்கிற பெரட்டுக்கு போகணும். கிளினிக் நாள்ல வேலைக்கு போகலன்னா அன்னைக்கு வேலை செஞ்சதா பேர் இல்ல, சம்பளத்துல வெட்டு. அதனால ஒரு மாசம் வரும், ஒரு மாசம் வராது, வராத மாசத்துல மாத்திரை தீந்து போயிரும், அல்லது பக்கத்து லயத்து அக்காவோட மாத்திரைய வாங்கி போடும். நீங்க கொப்பிய பாத்து "ஏன் போன மாசம் வரல"ன்னு ஏசினா அது தலைய குனிஞ்சிக்கும், காரணத்த சொல்லாது. எப்படி கேட்டா சொல்லும்? "எந்த நாள்ல வந்தா ஒங்களுக்கு பேர் போகாது"ன்னு கேளுங்க. டொக்டர்கிட்ட பேசி ஒரே டிவிஷன்ல இருந்து வர்றவங்களுக்கு ஒரே நாள் போட முடிஞ்சா சேந்து வந்து சேந்து போவாங்க, ஒருத்தர ஒருத்தர் ஞாபகப்படுத்துவாங்க, ஆட்டோ சல்லியும் பங்கு போட்டுக்கலாம். இதுக்கு மேலிடத்து அனுமதியோட ஒரு கொப்பியும் பேனையும்தான் தேவை.

பொறகு சாப்பாடு. சீனிய குறைங்கன்னு பொதுவா சொன்னா போதாது. நம்ம சனம் பிளேன்டீயில சீனி போடாட்டியும் உள்ளங்கையில வச்சு நக்கிக்கிட்டு குடிக்கும், கேட்டா "நான் தேத்தண்ணிக்கு சீனி போடுறதே இல்ல மிஸ்"னு சொல்லும், அது பொய்யும் இல்ல. ஒரு நாளைக்கு எத்தன தரம் தேத்தண்ணி, கையில எவ்வளவு சீனின்னு கேளுங்க. கோதுமை மா ரொட்டி காலையிலயும் ராவைக்கும் எத்தனன்னு கேளுங்க. நாலு சாப்பிடுற ஆள ஒரேயடியா நிப்பாட்டச் சொன்னா மலையில ஏற தெம்பு இருக்காது, மூணாக்கி கூட ஒரு கீரையோ பருப்போ வைக்கச் சொன்னா செய்யும். இன்னும் முக்கியமானது, சீனிய குறைக்கிற கிளிக்லசைட் மாதிரி மாத்திரைய போட்டுட்டு வெறும் வயித்தோட மலைக்கு போறது. பத்து மணிக்கு கை நடுங்கி வேர்த்து கண்ண கட்டி கொழுந்துக் கூடையோட சரிஞ்சா அது ஆபத்து. அதை தெளிவா சொல்லுங்க, சேலை முந்தியில ஒரு டொஃபியோ ஒரு கை சீனியோ முடிஞ்சு வச்சிக்கச் சொல்லுங்க. சொன்னத அவங்க வாயால திருப்பி சொல்ல வைங்க, "வீட்டுக்கு போய் மருமககிட்ட இதை எப்படி சொல்லுவீங்க"ன்னு கேட்டா பரீட்சை வைக்கிற மாதிரி இருக்காது, கதை சொல்ற மாதிரி சொல்லுவாங்க.

கால். இதைத்தான் நீங்க உங்க சொந்த பொறுப்பா எடுத்துக்கணும்னு நான் ஆசைப்படுறேன். செருப்போட, சில நேரம் வெறும் காலோட, ஈரத்துல நிக்கிற சனம். அட்டை கடிச்சு சொறிஞ்ச புண்ணு, முள்ளு, விரல் இடுக்குல சேத்துப்புண், இது எல்லாம் சீனி உள்ள ஆளுக்கு வந்தா உணர்ச்சி இல்லாததால தெரியவே தெரியாது, தெரியும்போது விரல எடுக்கணும்னு சொல்ற நிலைமையாயிருக்கும். 10 கிராம் நைலோன் இழையால உள்ளங்கால்ல தொட்டு தெரியுதான்னு பாக்கிறத டொக்டர்கிட்ட கேட்டு பழகுங்க, ஒரு ஆளுக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான். எல்லாருக்கும் ஒரே நாள்ல முடியாது, நாளுக்கு அஞ்சு பேர்னு வைங்க. பாத்தவங்க கொப்பியில ஒரு அடையாளம் போடுங்க. கொஞ்ச மாசத்துல எந்த ஆள் காலுக்கு என்ன நெலமைன்னு அந்த கிளினிக்ல உங்களுக்குத்தான் தெரியும், டொக்டரே உங்ககிட்ட கேப்பாங்க. அப்ப மெஷின்னு சொல்லுவீங்களா சொல்லுங்க பாப்போம்.

பொகவந்தலாவ அம்மா: மக ஏஎல் விஞ்ஞான பிரிவுல பாஸ் பண்ணிட்டா. நர்ஸ் வேலைக்கு போறேன்னு நிக்கிறா. மூணு வருஷம் படிப்பு, பொறகு எங்கேயோ தூரத்துல போடுவாங்களாம், கஷ்ட வேலையாம். அவ சந்தோஷமா இருப்பாளா?

கஷ்டம்தான் அம்மா, பொய் சொல்ல மாட்டேன். நைட் இருக்கு, பொங்கலுக்கும் தீவாளிக்கும் டியூட்டி விழும், முதல் நியமனம் ஊர விட்டு தூரத்துல கிடைக்கலாம். ஆனா மக தானா கேக்கிறா பாருங்க, நீங்க தள்ளல, அதுதான் பெரிய விஷயம். ரெண்டு விஷயம் அவகிட்ட சொல்லுங்க. இப்ப இருந்தே சிங்களமும் இங்கிலீஷும் பேசிப் பழகட்டும், பாடம் இங்கிலீஷ்ல, வாட்டுப் பேச்சு சிங்களத்துல, முதல் வருஷம் நம்ம புள்ளைங்க அழுறது படிப்பு கஷ்டத்தால இல்ல இதாலதான். ரெண்டாவது, முதல் ரெண்டு வருஷம் வேலையில சந்தோஷத்த எதிர்பாக்க வேணாம், அந்த காலம் கை பழகுற காலம். பட்ரிசியா பென்னர்னு ஒரு அம்மா 1984லேயே எழுதினாங்க, ஒரே மாதிரி எடத்துல ரெண்டு மூணு வருஷம் நின்ன பொறகுதான் நர்ஸுக்கு தன் வேலைய தானே திட்டம் போட்டு செய்யிற தெளிவு வருதுன்னு. அது வரைக்கும் நீங்க போன் எடுத்து சாப்பிட்டியான்னு கேட்டா போதும்.

பண்டாரவளை வாசகர்: நான் ஆம்பள நர்ஸ். சொந்தக்காரங்க கல்யாண வீட்டுல "டொக்டருக்கு படிக்க முடியலையா"ன்னு கேக்கிறாங்க. வாட்ல பாரம் தூக்கணும்னா, குடிச்சிட்டு கலாட்டா பண்றவன பிடிக்கணும்னா மட்டும் என்னைய தேடுறாங்க.

சொந்தக்காரங்கள விடுங்க, அவங்களுக்கும் ஒரு நாள் ட்ரிப் ஏத்த நரம்பு கிடைக்காம போகும், அப்ப உங்கள தேடுவாங்க. வாட்டு விஷயம்தான் பெருசு. பாரம் தூக்கிற ஆளா உங்கள பாக்கிறாங்கன்னா வேற எதுக்கு உங்கள பாக்கணும்னு நீங்க காட்டணும். ஈடியூ, அதான் அவசர சிகிச்சைப் பிரிவு பக்கம் மாறி நிக்க கேட்டு பாருங்க. குளவி கொட்டி ஒரே மலையில இருந்து லொறியில பத்து பேர் வந்து இறங்குற ஊர் நம்ம ஊர், அந்த நேரத்துல யாருக்கு மூச்சு திணறுது, யாருக்கு பிரஷர் இறங்குது, யாருக்கு முதல்ல எட்ரீனலின்னு பிரிச்சு பாக்கிற கண்ணு உள்ள நர்ஸ ஒருத்தரும் பாரம் தூக்க மட்டும் கூப்பிட மாட்டாங்க. அதுல ஒரு பயிற்சி எடுத்து, மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுங்க. அப்புறம் பாரம் தூக்குறது ரெண்டு பேர் வேலை, அது ஆம்பளைக்கும் முதுகு தானே, தனியா தூக்காதீங்க.

நாவலப்பிட்டி வாசகர்: மனைவி நர்ஸ். டியூட்டி முடிஞ்சு வந்தா ஒரு மணித்தியாலம் யாரோடவும் பேச மாட்டா. வாட்ல எல்லாரோடவும் சிரிச்சு பேசுறாளாம், வீட்டுல மட்டும் இப்படி.

அங்க சிரிச்சதாலதான் இங்க பேச முடியல ஐயா. வேலைக்காக முகத்தையும் குரலையும் பிடிச்சு வச்சிருக்கிறதும் ஒரு உழைப்புதான், சம்பளத் துண்டுல வராத உழைப்பு. அந்த ஒரு மணித்தியாலத்த குடுத்துருங்க. தேத்தண்ணி ஊத்தி வச்சிட்டு புள்ளைய நீங்க பாருங்க. அவங்களா பேச வரும்போது "இன்னைக்கு எத்தன பேர் செத்தாங்க"ன்னு கேக்காதீங்க, இன்னைக்கு யார் வீட்டுக்கு போனாங்கன்னு கேளுங்க.

கண்டி வாசகி (வாட் சிஸ்டர்): புதுசா பொறுப்பெடுத்திருக்கேன். என் புள்ளைங்க சோர்ந்து போயிருக்காங்க. ஆள் கூட்ட என்னால முடியாது. என் கைக்குள்ள என்ன இருக்கு?

நீங்க நெனைக்கிறத விட கூடவே இருக்கு. இப்ப உங்க வாட்ல வேலை எப்படி பிரிஞ்சிருக்குன்னு பாருங்க. பெரும்பாலும் ஒரு ஆள் மருந்து குடுக்கிறது, ஒரு ஆள் புண்ணுக்கு மருந்து கட்டுறது, ஒரு ஆள் பிரஷர் சுத்துறதுன்னு இருக்கும். வேகமா முடியும், ஆனா ஒரு நர்ஸுக்கும் ஒரு முழு நோயாளி இல்ல. ஒருத்தர் புண்ண பாத்தாங்க, ஒருத்தர் மாத்திரைய பாத்தாங்க, அந்த ஆள் குணமாகி போனப்போ இது என்னால ஆச்சுன்னு சொல்ல யாருமே இல்ல. 1969 வாக்குல அமெரிக்காவுல மினசோட்டாவுல மேரி மான்தேன்னு ஒரு நர்ஸ் இதைத்தான் மாத்தினாங்க, இந்த நோயாளி வந்ததுல இருந்து போற வரைக்கும் இந்த நர்ஸ் பொறுப்புன்னு. நம்ம வாட்ல முழுசா அப்படி முடியாது, எனக்கு நல்லா தெரியும். ஆனா காலை டியூட்டியில மட்டும் கட்டில்கள பங்கு பிரிச்சு, முடிஞ்ச வரைக்கும் அதே ஆளுக்கு அதே கட்டில குடுத்து பாருங்க. டிக்கெட் வெட்டும்போது மருந்து விளக்குறதும் அதே ஆள் செய்யட்டும். அந்த நோயாளி கும்பிட்டுட்டு போறது சரியான ஆளுக்கு போய் சேரும்.

அடுத்து ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா கேளுங்க, எந்த வேலை செய்யும்போது நேரம் போறது தெரியலன்னு. ஒரு புள்ளைக்கு புண்ணு கட்டுறது கை வந்த கலையா இருக்கும், ஒன்னு சின்னப் புள்ளைக்கு ஊசி போட கெட்டிக்காரி, ஒன்னு சாகக் கிடக்கிற ஆளோட சொந்தங்ககிட்ட பேசத் தெரிஞ்சது. அந்த விஷயத்துல அவங்கள மத்தவங்களுக்கு சொல்லிக் குடுக்க விடுங்க. ஆனா ஒன்னு, கெட்டிக்காரின்னு சொல்லி முழு வாட்டுப் புண்ணையும் அவ தலையில கட்டிராதீங்க, மேல மஸ்கெலியா தங்கச்சி எழுதினத ஒரு தரம் படிங்க. ரோஸ்டர் போடும் முன்ன லீவு விருப்பத்த ஒரு தாள்ல எழுத விடுங்க, எல்லாம் குடுக்க முடியாது, குடுக்க முடியாதப்ப ஏன்னு சொல்லுங்க. மே 12ந் தேதி கேக் வெட்டுறத விட இது நல்லம்.

நுவரெலியா வாசகி: பன்னெண்டு வருஷ சேர்விஸ். கூட படிச்சவங்க பாதிப்பேர் வெளிநாடு. எனக்கும் ஒஃபர் ஒன்னு வந்திருக்கு. இங்க இருந்தா கடன், அங்க போனா அம்மாவையும் இந்த வாட்டையும் விட்டுட்டு போன குற்ற உணர்ச்சி. என்ன செய்ய சிஸ்டர்?

போறது துரோகம்னு யாரும் சொன்னா நம்பாதீங்க. 2022 நெருக்கடியில மருந்தும் இல்லாம, பெட்ரோலும் இல்லாம நடந்து டியூட்டிக்கு வந்தவங்க நீங்க எல்லாம். உங்க கடன வேற யாரும் கட்டப் போறதில்ல.

முடிவு உங்களுடையது, யோசிக்கிறதுக்கு ஒரு வழி மட்டும் சொல்றேன். 1959ல ஹேர்ஸ்பேர்க்னு ஒருத்தர் எஞ்சினியர்மார், கணக்காளர்மார்கிட்ட பேசி ஒரு விஷயம் சொன்னாரு. சம்பளமும் மேலதிகாரியும் வேலை நிலைமையும் சரியில்லன்னா மனசு கசக்கும், ஆனா அது சரியாகிட்டதால மட்டும் மனசு நெறையாது, நெறையிறதுக்கு வேலைக்குள்ளேயே ஏதாவது இருக்கணும், சாதிச்சோம்கிற உணர்வு, பொறுப்பு, வளர்ச்சி. பின்னாடி வந்தவங்க அவர் சொன்னத எல்லாம் ஏத்துக்கல, எனக்கு அவர் பிரிச்ச விதம் உதவுது. உங்களுக்கு இப்ப கசக்கிறது எது? கடன்னா, சம்பளம்னா, அதை வெளிநாடு தீர்க்கும், தைரியமா போங்க. இல்ல, வேலையே வெறுத்து போச்சு, நோயாளி முகத்த பாக்கவே பிடிக்கலன்னா அது பெட்டியோட சேந்து உங்க கூடவே வரும், அங்க மொழியும் புதுசு, குளிரும் புதுசு, உங்க பேரையே சரியா சொல்ல மாட்டாங்க.

கடிதத்துல நீங்க வாட்ட விட்டுட்டு போறத பத்தி ரெண்டு எடத்துல எழுதியிருக்கீங்க, அதனால வேலை வெறுக்கலன்னுதான் எனக்கு படுது. அப்படின்னா ராஜினாமா கடிதம் எழுதிராதீங்க. 2022ல அரச ஊழியருக்கு அஞ்சு வருஷம் வரைக்கும் சம்பளம் இல்லாத லீவுல வெளிநாடு போக சுற்றறிக்கை வந்துச்சு. இன்னைக்கு அதோட நெலமை என்ன, உங்க பென்ஷனும் சீனியோரிட்டியும் என்ன ஆகும்னு நிருவாகப் பிரிவுல எழுத்துல கேட்டு எடுத்துக்கோங்க. ஒஃபர் கடிதத்துல எந்த வாட், எத்தன நோயாளிக்கு ஒரு நர்ஸ், அந்த நாட்டுல நர்ஸா பதிவு கிடைக்கிற வரைக்கும் என்ன பதவியில வேலை செய்யணும், அந்த காலத்துல சம்பளம் என்னன்னு பாருங்க, கன பேர் இந்த கடைசி விஷயத்த பாக்காமத்தான் போறாங்க. ஏஜன்சிக்கு சல்லி கட்டுறதுக்கு முன்ன அது வெளிநாட்டு வேலைவாய்ப்பு பணியகத்துல பதிஞ்ச ஏஜன்சியான்னு பாருங்க. அம்மாவ யார் பாக்கிறதுன்னு தம்பி தங்கச்சியோட உக்காந்து பேசி, மாசம் எவ்வளவு அனுப்புறது, கிளினிக்குக்கு யார் கூட்டிட்டு போறதுன்னு பேர் போட்டு முடிவெடுத்துட்டு, பொறகு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்க.